கணினிக்கு எது பிறந்த நாள்? பொன்விழாக் குழுவில் இருக்கும் மகளுக்கு ஒரு பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்றிருக்கும் மாணவி ஒருவர் கேட்ட கேள்விகளுக்கு இதை எழுதுகிறேன். அவருடைய பல்கலைக்கழகத்தில் கணினிப் பயன்பாடு தொடங்கி 50 ஆண்டுகள் நிறைவதை விழாவாகக் கொண்டாடவிருக்கிறார்கள். விழாக் குழுவில் அவரும் இருக்கிறார். எந்த நாளைத் தொடக்கமாகக் கொள்வது என்பதில் குழு மூன்றாகப் பிரிந்து நிற்கிறதாம். இயந்திரம் வந்து இறங்கிய நாள் என்கிறார்கள் சிலர். கணினி மையம் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட நாள் என்கிறார்கள் சிலர். முதல் பட்டப்படிப்பு தொடங்கிய நாள் என்கிறார்கள் மற்றவர்கள். கண்காட்சியில் என்னென்ன வைக்கலாம் என்றும் அவர் கேட்டிருக்கிறார். இவற்றோடு, "நம்ம தோட்டத்துக்கும் அந்த விழாவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று தம் தாயார் கேட்டபோது தம்மால் பதில் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

மகளே, உங்கள் தாயாரின் கேள்விதான் மூன்றிலும் கனமானது. அதற்கு விடை கண்டால் மற்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். நானும் பால் மரம் வெட்டிய ஒரு தாயின் பிள்ளைதான். 1970களின் பிற்பகுதியில் ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் இயந்திரத்தை ஓட்டும் இயக்குநராக (ஆபரேட்டராக) வேலைக்குச் சேர்ந்து, தகவலைத் துளைகளாகப் பதிந்து இயந்திரத்துக்குக் கொடுத்த துளை அட்டைகள் மறைந்து திரைகள் வந்த காலம் முழுவதையும் அங்கிருந்தே பார்த்து, ஓய்வு பெற்றபின் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி வந்தவன். ஆகவே நான் படித்தறிந்ததும் என் கையால் செய்ததும் இந்தப் பதிலில் கலந்தே வரும்.

நாளைப் பற்றிய குழப்பம் உங்கள் குழுவுக்கு மட்டும் உரியது அன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் கணினி ஆய்வகமாக வளர்ந்த கணித ஆய்வகம் அங்கே 1937 மே 14 அன்று நிறுவப்பட்டது. அப்போது அங்கே கணினி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் கட்டப்பட்ட எட்சாக் என்னும் இயந்திரம் தன் முதல் நிரலை ஓட்டி, 0 முதல் 99 வரையிலான எண்களின் வர்க்கங்களை அச்சிட்டுத் தந்தது 1949 மே 6 அன்று. கணினியைப் பாடமாகக் கற்பிக்கும் பட்டயப் படிப்பு அங்கே தொடங்கியது 1953இல். கட்டடம், இயந்திரம், பாடம் என்று உங்கள் குழுவில் எழுந்த அதே மூன்று கட்சிகள் அங்கேயும் உண்டு என்பதைக் கவனியுங்கள். எட்சாக்கின் 50ஆம் ஆண்டு நிறைவை 1999இல் அவர்கள் சிறப்பாகக் கொண்டாடினார்கள். அதே சமயம் 1937ஆம் ஆண்டையும் ஆய்வகத்தின் தொடக்கமாகப் போற்றி வருகிறார்கள். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு பிறந்த நாள்கள் இருப்பதில் அவர்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. அவர்கள் கொண்டாடுவது 1948 ஜூன் 21ஆம் நாளை. 'பேபி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட சிறிய இயந்திரம் ஒன்று, தன் நினைவகத்திலேயே சேமித்து வைக்கப்பட்ட நிரலை அன்றுதான் வெற்றிகரமாக ஓட்டியது. ஃபிரெட்ரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் ஆகியோர் கட்டிய அதற்கு 32 சொற்கள் கொள்ளும் நினைவகம் மட்டுமே இருந்தது. 17 கட்டளைகளைக் கொண்ட அந்த நிரல், 2இன் 18ஆம் அடுக்குக்கு அதைவிடச் சிறிய வகுத்திகளுள் மிகப் பெரியது எது என்று 52 நிமிடங்கள் தேடி 131072 என்ற விடையைக் கண்டது. அந்தத் தேதியை நான் முதன்முதலில் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஏனெனில் அதற்கு ஐந்து நாள்களுக்கு முன்பு, ஜூன் 16 அன்றுதான், நம் சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கியது. நம் பாட்டன்மார் லயத்து வீடுகளைவிட்டு வெளியே வர அஞ்சிக் கிடந்த அந்த வாரத்தில்தான், அவர்களை ஆண்டவர்களின் நாட்டில் ஓர் இயந்திரம் தனக்கு இட்ட கட்டளைகளைத் தானே நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்கியிருந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணினியின் வரலாற்றைச் சொல்ல வேண்டுமானால், நான் இந்த வாரத்திலிருந்துதான் தொடங்குவேன்.

இனி உங்கள் குழுவுக்கு என் கருத்து. இயந்திரம் இறங்கிய நாளும் வேண்டாம், நாடா வெட்டிய நாளும் வேண்டாம், பாடம் தொடங்கிய நாளும் வேண்டாம். கணினியைக் கட்டியவரோ காப்பவரோ அல்லாத வேறொருவர், தம் சொந்த வேலைக்காக அதனிடம் ஒரு கணக்கைக் கொடுத்து, பயன்படுத்தத்தக்க விடையை வாங்கிச் சென்ற முதல் நாள் எது என்று தேடுங்கள். கேம்பிரிட்ஜின் பெருமையும் அங்கேதான் இருக்கிறது. முதல் இயந்திரம் தங்களுடையது என்று வாதிடப் பலருக்கு இடமுண்டு. ஆனால் மற்றத் துறையினரும் வந்து அன்றாடம் பயன்படுத்தும் ஒரு சேவையாக எட்சாக்கை 1950இலேயே அவர்கள் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஆண்டிலேயே ரொனால்டு ஃபிஷர் என்னும் மரபியல் அறிஞரின் கட்டுரைக்கு வேண்டிய அட்டவணையை அது கணக்கிட்டுத் தந்தது. தசைகளில் உள்ள மையோகுளோபின் என்னும் புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்து 1962இல் நோபல் பரிசு பெற்ற ஜான் கென்ட்ரூவுக்கும் அந்த ஆய்வகத்தின் கணக்கீடுகள் இன்றியமையாதவையாக இருந்தன. ஒரு பல்கலைக்கழகம் கணினிக்கு விழா எடுப்பதற்கு இதைவிடத் தகுந்த காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த நாளைக் கண்டுபிடிப்பது கடினம் அன்று. ஒவ்வொரு கணினி மையத்திலும் வேலைப் பதிவேடு ஒன்று இருக்கும்: யாருடைய வேலை, எந்தத் துறை, எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது, எத்தனை நிமிடம் ஓடியது என்று இயக்குநர் கையால் எழுதியது. அது அகப்படாவிட்டால் பழைய முனைவர் பட்ட ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கங்களைப் புரட்டுங்கள்; கணினி மையத்துக்கு நன்றி சொன்ன முதல் ஆய்வேடு எதுவென்று நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் கண்ணை ஓட்டுங்கள். இந்நாட்டில் கணினி முதலில் வந்தது பல்கலைக்கழகத்துக்கு அன்று; 1966இல், அன்றைய தேசிய மின்சார வாரியத்துக்கு.

உங்கள் தாயாரிடம் சொல்ல வேண்டிய பதிலுக்கு இப்போது வருகிறேன். எட்சாக்கைக் கட்டிய காலத்தில் கேம்பிரிட்ஜுக்குப் பணமும் ஓர் ஆளும் தந்து உதவிய நிறுவனம் எது தெரியுமா? லண்டனில் தேநீர்க் கடைகளும் ரொட்டி, கேக் ஆலைகளும் நடத்திய லயன்ஸ் நிறுவனம். உதவிக்கு ஈடாக எட்சாக்கின் அமைப்பைக் கற்றுக்கொண்டு, அதே வழியில் லியோ என்னும் கணினியைத் தங்களுக்கென்றே கட்டிக்கொண்டார்கள். 1951 நவம்பர் இறுதியில் அது ரொட்டி ஆலைகளின் வாராந்திரக் கணக்கை ஏற்றுக்கொண்டது. வணிக அலுவலக வேலையை ஒரு கணினி வழக்கமாகச் செய்யத் தொடங்கியது அதுவே முதல் முறை. 1954 தொடக்கத்தில் தொழிலாளர் சம்பளப் பட்டுவாடாவும் அதன் பொறுப்பில் வந்தது. ஒருவருடைய வாரச் சம்பளத்தைக் கணக்கிடத் தேர்ந்த எழுத்தருக்கு எட்டு நிமிடம் ஆன இடத்தில் லியோவுக்கு ஒன்றரை விநாடிதான் ஆயிற்று. பிறகு தேயிலைக் கலவைக் கணக்கும் அதனிடம் போனது.

சம்பளக் கணக்கு என்றதும் உங்கள் தாயாருக்கு என்ன நினைவு வரும் என்று நினைக்கிறீர்கள்? பிரட்டுக்களத்தில் விடியுமுன் பேர் கூப்பிட்டு, ஆலைக்கு வந்த பாலை நிறுத்து, மெட்ரோலாக்கை விட்டு அதன் கெட்டியைப் பார்த்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிட்டு, அதைச் செக்ரோல் என்னும் வருகை, சம்பளப் பேரேட்டில் ஏற்றிய கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், நினைவுக்கு வருவார். மாத முடிவில் அந்தச் செக்ரோலிலிருந்து முன்பணம், அரிசிக் கடன், மற்றப் பிடித்தங்கள் எல்லாவற்றையும் கழித்துக் கையில் எவ்வளவு என்று சொன்னவரும் அவரே. என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் செக்ரோலில் தம் எண் எது, தாம் வேலைக்குப் போன நாள் எத்தனை, கொண்டுவந்து ஊற்றிய பால் எவ்வளவு என்பவை அவருக்கு மனப்பாடம். மாதச் சம்பளம் குறைவாக வந்தால் கிராணியின் மேசைக்கு முன்னால் நின்று வாயாலேயே கணக்குச் சொல்வார். தரவு உள்ளே போகிறது, விதிப்படி கணக்கு நடக்கிறது, முடிவு வெளியே வருகிறது, அந்த முடிவில் ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாடு இருக்கிறது: இதைத் தோட்டத்து மக்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? கணினி எங்கோ வானத்திலிருந்து இறங்கியது என்று எண்ண வேண்டாம். செக்ரோல் எழுதிய வேலையைத்தான் அது எடுத்துக்கொண்டது என்று உங்கள் தாயாரிடம் சொல்லுங்கள். அவருக்கு உடனே விளங்கிவிடும்.

இரண்டாவது சம்பந்தம் ஆட்களைப் பற்றியது. இதைத்தான் நான் உங்களிடம் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். 1946 பிப்ரவரியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் பெரிய இயந்திரத்தை உலகுக்குக் காட்டினார்கள். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அந்த இயந்திரம் பார்வையாளர்கள் முன் செய்துகாட்டிய எறிகுண்டுப் பாதைக் கணக்கை அமைத்துக் கொடுத்தவர்கள் பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்னும் இரு பெண்கள். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை. கே மெக்நல்ட்டி, மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் ஆகியோரையும் சேர்த்து எனியாக்குக்கு நிரல் அமைத்த பெண்கள் ஆறு பேர். நாற்பது ஆண்டுகள் கழித்து, பழைய புகைப்படங்களில் இயந்திரத்தின் அருகே நிற்கும் பெண்கள் யார் என்று கேத்தி கிளைமன் என்னும் மாணவி விசாரித்தபோது, அவர்கள் படத்துக்கு அழகு சேர்க்க நிறுத்தப்பட்டவர்கள் என்றுதான் அவருக்குப் பதில் கிடைத்தது. அவர் விடாமல் தேடிச் சென்றிராவிட்டால் அந்தப் பெயர்களை இன்று நானும் எழுதியிருக்க முடியாது.

நான் வேலை செய்த மையத்தில் அட்டையில் துளையிடும் பிரிவு முழுவதும் பெண்கள். அவர்களில் நான்கைந்து பேர் தோட்டத்துப் பிள்ளைகள். ஐந்தாம் படிவம் முடித்துத் தட்டச்சுப் பயின்று பட்டணத்துக்கு வந்தவர்கள். அவர்கள் செய்தது எளிய வேலை அன்று. ஒருவர் படிவத்தைப் பார்த்து அட்டையில் துளையிடுவார். மற்றொருவர் அதே படிவத்தைப் பார்த்து, அதே அட்டையைச் சரிபார்க்கும் இயந்திரத்தில் செலுத்தி, எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து தட்டுவார். இரண்டும் ஒத்துப்போனால் இயந்திரம் அட்டையின் வலது ஓரத்தில் சிறியதாக ஒரு வெட்டுப் போடும். ஒத்துப்போகாவிட்டால் பிழையான பத்திக்கு, அதாவது அட்டையின் அந்தச் செங்குத்து வரிசைக்கு, நேர் மேலே வெட்டு விழும். ஆயிரக்கணக்கான மாணவர்களின் பதிவும் தேர்வு மதிப்பெண்ணும் இப்படி இருவர் விரல்களைக் கடந்துதான் இயந்திரத்துக்குள் போயின. பின்னாளில் அந்த மையம் தன் ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது இயந்திரத்தின் படமும் மையத் தலைவர்களின் படங்களும் சுவரில் இருந்தன. துளையிட்ட பெண்களுள் ஒருவருக்குக்கூட அழைப்புப் போகவில்லை. அழைப்புப் பட்டியலைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இருந்தும் நான் வாய் திறக்கவில்லை என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. உங்களுக்கு இப்போது அந்த இடம் கிடைத்திருக்கிறது. சம்பளப் பதிவிலிருந்து பெயர்களை எடுங்கள். இருப்பவர்களைத் தேடிக் கண்டுபிடித்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்; இல்லாதவர்களின் பெயர்களை, அவர்கள் குடும்பத்தாரின் ஒப்புதலோடு, சுவரில் எழுதுங்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. எங்கள் மையத்தில் மாணவர் பெயருக்கு அட்டையில் குறிப்பிட்ட சில பத்திகளையே ஒதுக்கியிருந்தார்கள். நம்மவர் பெயரோடு தந்தை பெயரும் இடையில் மலாயில் 'மகன்', 'மகள்' எனப் பொருள்படும் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பவற்றின் சுருக்கமும் சேர்ந்தால் அந்த இடம் போதாது. தேர்வு முடிவுப் பட்டியலில் பல தந்தையரின் பெயர்கள் பாதியில் அறுந்து தொங்கின. ஒரே தொடக்கமுள்ள இரண்டு பெயர்கள் ஒன்றாகத் தோன்றி, மாணவர்கள் மதிப்பெண் தேடி எங்கள் சன்னலுக்கு வந்து நின்றதும் உண்டு. அப்படிப்பட்ட பழைய அச்சுத்தாள் ஒன்று கிடைத்தால், தனியாரின் விவரங்களை மறைத்துக் கண்காட்சியில் வையுங்கள். இயந்திரத்துக்கு ஏற்ப மனிதர் பெயரை வெட்டிய காலம் ஒன்று இருந்தது என்பதை இன்றைய நிரலாளர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

கண்காட்சிக்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. துளை அட்டை ஒன்றில் 80 பத்திகள், 12 வரிசைகள். எண்ணுக்கு ஒரு துளை, ஆங்கில எழுத்துக்கு இரண்டு துளைகள். இதை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளை தன் பெயரைத் தானே துளையிட்டுவிடும். ஒரு நிரலின் அட்டைக் கட்டு கீழே விழுந்து கலைந்தால் ஒரு நாள் வேலை போயிற்று என்று பொருள்; அதனால்தான் கட்டின் மேல் விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கோடு போட்டுவைப்போம். கலைந்தபின் அடுக்கும்போது அந்தக் கோடு நேராக வந்தால் வரிசை சரி. இதைச் செய்துகாட்டினால் கூட்டம் நகராது. எட்சாக்கில் அட்டை கிடையாது, காகித நாடாதான். ஆய்வாளர்கள் தங்கள் நாடாக்களைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டுப் போவார்கள், இயக்குநர் ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டுவார். புகைக்கூண்டில் மூங்கிலில் ரப்பர் ஷீட் தொங்குவதைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு அந்த வரிசையை விளக்க வேண்டியதே இல்லை. இந்தக் கண்காட்சியை ஒரு நாளாவது சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுவாருங்கள். மகாத்மா காந்தி கலாசாலை போன்ற பள்ளிகளின் மாணவர்கள் பல்கலைக்கழக வாசலைப் பார்க்கும் முன்பே பல்கலைக்கழகம் அவர்களைப் பார்க்கட்டும்.

தமிழுக்கும் அங்கே ஒரு மேசை வேண்டும். அட்டைக் காலத்தில் தமிழ் எழுத்துக்குத் துளை இல்லை. நம் மொழி அந்த அறைக்குள் எங்கள் பேச்சாக மட்டுமே இருந்தது. 1980களில்தான் தனிநபர்கள் அதை மாற்றத் தொடங்கினார்கள், அவர்களில் முன்னவர் நம் நாட்டவர்: முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1990களின் நடுவில் தமிழை இணையத்தில் ஏற்றினார். உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவான குறிமுறையாகிய யூனிகோடின், 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்பின் தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் நடந்தது. 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. ஒரு மலேசியப் பல்கலைக்கழகத்தின் கணினி வரலாற்றில் இவை ஓரக் குறிப்புகள் அல்ல.

முடிவாகப் பொருள்களைப் பாதுகாப்பது பற்றி. நம் நாட்டின் ஈரக்காற்றில் அட்டை ஊதிக்கொள்ளும், காந்த நாடாவில் பூஞ்சை பிடிக்கும். பழைய காந்த நாடா கிடைத்தால் ஆர்வத்தில் எந்தக் கருவியிலும் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். மேற்பூச்சு உரிந்தால் உள்ளிருப்பதும் அதோடு போய்விடும். அதைப் பாதுகாக்கத் தெரிந்தவர்களிடம் ஒப்படையுங்கள். வேலைப் பதிவேடுகளை முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்வதை விழாவுக்குப் பின் என்று தள்ளிப்போடாதீர்கள், இந்த மாதமே தொடங்குங்கள். எங்கள் வயது அப்படி. என்னிடம் ஒரு பெட்டி அட்டைகள் இருக்கின்றன, சாய்வுக் கோடு போட்டவை, வந்து எடுத்துக்கொள்ளலாம். வேறு யாரேனும் அட்டைக் கட்டுகள் தந்தால் அவற்றைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையங்களை முதலில் கவனமாக நீக்கிவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். பழைய ரப்பர் இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் ஓரத்துப் பத்திகள் கிழிந்துவிடும். ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள், இருவருமாக உட்கார்ந்து பிரித்துவிடலாம்.